குரோஷியக் குடியானவர்களின் எழுச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரோஷியா என்றால் நம்மில் பலருக்குக் கால்பந்து அணியும் அட்ரியாட்டிக் கடற்கரையும்தான் நினைவுக்கு வரும். அந்த நாட்டின் வரலாற்றில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் பகுதி வேறு. ஓட்டும் இல்லாமல், பத்திரிகையும் இல்லாமல், ஊரில் மதிப்பும் இல்லாமல் கிடந்த குடியானவர்கள் சுமார் 40 ஆண்டுகளில் நாட்டின் மிகப் பெரிய அரசியல் சக்தியாக மாறிய கதை அது. இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இது எந்தக் காலத்துக் கதை? அப்போது குரோஷியா தனி நாடாக இருந்ததா?

இல்லை. 1918 வரை குரோஷியா ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்குள் இருந்தது. அதுவும் ஒரே துண்டாக இல்லை. வடக்கே இருந்த குரோஷியா-ஸ்லவோனியா ஹங்கேரியின் பிடியில் இருந்தது. கடலோர டால்மேஷியாவும் இஸ்திரியாவும் நேராக வியன்னாவின் ஆட்சியில் இருந்தன. குரோஷியா-ஸ்லவோனியாவுக்குச் சபோர் என்ற சொந்தச் சட்டசபை உண்டு. ஆனால் 'பான்' எனப்பட்ட ஆளுநரைத் தீர்மானித்தவர்கள் வெளியே இருந்தார்கள்.

1900 வாக்கில் குரோஷியா-ஸ்லவோனியாவில் பத்தில் எட்டுப் பேர் நிலத்தை நம்பிப் பிழைத்தவர்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கதை அங்கே தொடங்கி 1941-இல் போர் வந்ததும் அறுந்துபோகிறது.

1848-லேயே பண்ணையடிமை முறை ஒழிந்துவிட்டதே, அப்புறம் என்ன குறை?

காகிதத்தில் ஒழிந்தது. பான் யெலாச்சிச் 1848 ஏப்ரலில் அதை அறிவித்தார். குடியானவன் தான் உழுத நிலத்துக்குச் சொந்தக்காரன் ஆனான். ஆனால் காடும் மேய்ச்சல் நிலமும் யாருக்கு என்ற வழக்கு பல பத்தாண்டுகள் இழுத்தது. அதில் பெரும்பாலும் பண்ணையார் கைதான் ஓங்கியது. விறகுக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் வழியில்லாத இடத்தில் வெறும் உழவு நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முன்பு உழைப்பாகக் கொடுத்ததை இப்போது வரியாக, ரொக்கமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ரொக்கம் வேண்டுமென்றால் விளைச்சலை விற்க வேண்டும், இல்லாவிட்டால் கடன் வாங்க வேண்டும்.

இதோடு 'சாத்ருகா' என்ற கூட்டுக் குடும்பமும் உடைந்துகொண்டிருந்தது. அண்ணன் தம்பிகளின் குடும்பங்கள் ஒரே நிலம், ஒரே அடுப்பு, ஒரே தலைவர் என்று சேர்ந்து வாழ்ந்த ஏற்பாடு அது. பாகம் பிரித்ததும் நிலம் துண்டு துண்டானது. ஒரு துண்டை வைத்து ஒரு குடும்பம் பிழைக்க முடியாமல் போனது. டால்மேஷியாவில் திராட்சைக் கொடியைப் பூச்சி அரித்தது. 1892-க்குப் பிறகு வரிச்சலுகையோடு வந்த மலிவான இத்தாலிய ஒயினும் சேர்ந்து அடித்தது. ஆயிரக்கணக்கானோர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள்.

1883 முதல் 1903 வரை பானாக இருந்த கூன்-ஹெடர்வாரி ஹங்கேரியின் நலனுக்காகவே ஆண்டவர். அவர் காலத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் கிராமங்கள் கொந்தளித்தன. இரண்டு முறையும் துப்பாக்கி முனையில் அடக்கப்பட்டன.

1573-இல் மத்தியா குபெட்ஸ் நடத்திய கலகம்தான் இதற்கெல்லாம் தொடக்கம் என்கிறார்களே?

நேரடித் தொடர்ச்சி கிடையாது. ஸாகோர்யே பகுதிக் குடியானவர்கள் பண்ணையாருக்கு எதிராக எழுந்து, 1573 பிப்ரவரியில் ஸ்டுபிட்சாவுக்கு அருகே தோற்றார்கள். குபெட்ஸைக் குரோஷியாவின் தலைநகர் ஸாக்ரெபில் கொடூரமாகக் கொன்றார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கிரீடத்தைத் தலையில் வைத்தார்கள் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. 20-ஆம் நூற்றாண்டு இயக்கம் அவரைத் தன் முன்னோராக ஏற்றுக்கொண்டது. ஆனால் ஆயுதம் எடுக்கும் வழியை ஏற்கவில்லை.

ராடிச் சகோதரர்கள் யார்?

சாவா ஆற்றங்கரையில் சீசாக் நகருக்குப் பக்கத்தில் ட்ரெபார்யெவோ டெஸ்னோ என்ற சிற்றூர். அங்கே பிள்ளைகள் நிறைந்த ஓர் ஏழைக் குடியானவக் குடும்பத்தில் 1868-இல் அந்துன் பிறந்தார், 1871-இல் ஸ்டியெபான் பிறந்தார். இருவருமே படித்து மேலே வந்தவர்கள். ஆனால் குணம் வேறு வேறு.

அந்துன் அமைதியானவர், பள்ளி ஆசிரியர், ஆராய்ச்சியாளர். ஸ்டியெபான் பேச்சாளர். கண் பார்வை மிக மோசம். கூட்டத்தின் முன்னால் நின்றால் மணிக்கணக்கில் பேசுவார். 1895-இல் பேரரசர் பிரான்ஸ் யோசெப் ஸாக்ரெப் வந்திருந்தபோது மாணவர்கள் ஹங்கேரியக் கொடியை எரித்தார்கள். முன்னின்றவர்களில் ஸ்டியெபானும் ஒருவர். சிறைக்குப் போனார், பல்கலைக்கழகத்திலிருந்தும் நீக்கப்பட்டார். பிராகில் படித்தார், ரஷ்யா போனார், கடைசியில் பாரிஸில் அரசியல் கல்வியை முடித்தார். பிராகில் பேராசிரியர் மசாரிக்கின் பாதிப்பு அவர்மீது ஆழமாக விழுந்தது. அன்றாடம் செய்யும் சின்னச் சின்ன வேலைகள்தான் ஒரு மக்களை உயர்த்தும் என்பது மசாரிக்கின் கொள்கை. ஸ்டியெபான் செக் நாட்டு ஆசிரியை மரியாவை மணந்துகொண்டார். மரியா பின்னாளில் ஸாக்ரெபில் குடும்பத்தின் புத்தகக் கடையைப் பார்த்துக்கொண்டார். கட்சி வெளியீடுகள் பல அந்தக் கடை வழியாகத்தான் கிராமங்களுக்குப் போயின.

ஸ்டியெபானின் பெயர்தான் எல்லோருக்கும் தெரியும். என் கணிப்பில், அடித்தளம் போட்டவர் அந்துன்.

அந்துன் அப்படி என்ன செய்தார்?

கேள்வி கேட்டார். உண்மையிலேயே அதுதான் அவர் செய்த முதல் வேலை.

1897-இல் ஸாக்ரெபில் இருந்த அறிவியல் கலைக் கழகத்துக்காக அவர் ஒரு வினாத்தொகுப்பு தயாரித்தார். கிராம வாழ்க்கையை எப்படிப் பதிவு செய்வது என்பதற்கான வழிகாட்டி அது. அதற்கு முன்னால் நாட்டுப்புறம் என்றாலே படித்தவர்கள் அழகான பாட்டையும் பழங்கதையையும் மட்டும் பொறுக்கிக்கொண்டு போவார்கள். அந்துன் கேட்டது வேறு. வீடு எப்படிக் கட்டுகிறீர்கள்? என்ன சாப்பிடுகிறீர்கள்? ஏரின் ஒவ்வொரு பாகத்துக்கும் என்ன பெயர்? பாகம் எப்படிப் பிரிக்கிறீர்கள்? நோய் வந்தால் என்ன செய்கிறீர்கள்? குழந்தையிடம் எப்படிப் பேசுகிறீர்கள்? இப்படி நூற்றுக்கணக்கான கேள்விகள். பதிலை அந்தந்த ஊர்ப் பேச்சிலேயே எழுத வேண்டும், திருத்தக் கூடாது, நாமாக அழகுபடுத்தக் கூடாது என்றும் சொன்னார்.

எழுதியவர்களும் நகரத்து அறிஞர்கள் மட்டுமில்லை. ஊர்ப் பாதிரியார், பள்ளி ஆசிரியர், எழுதத் தெரிந்த குடியானவர் என்று பலர் எழுதினார்கள். ராடிச்சின் சொந்த ஊரான ட்ரெபார்யெவோவைப் பற்றிக் காட்டா யாய்ஞ்செரோவா என்ற பெண்ணின் பெயரில் வந்த விரிவான குறிப்புகள் 1898-இல் கழகத்தின் இதழிலேயே அச்சாயின.

இதன் பின்னால் இருந்த கருத்துதான் முக்கியம். ஒரே நாட்டில் இரண்டு மக்கள் வாழ்கிறார்கள் என்றார் அந்துன். ஒரு பக்கம் கனவான்கள், அதாவது கோட்டு போட்டவர்கள். அவர்களுடைய பண்பாடு வெளியிலிருந்து வாங்கியது. இன்னொரு பக்கம் குடியானவர்கள். அவர்களுக்கும் ஒரு முழுப் பண்பாடு இருக்கிறது, அது அவர்களே உண்டாக்கியது. கிராமத்துக்குப் பண்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம், முதலில் அங்கே இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள் என்பது அவர் வாதம். குடியானவன் தூங்கிக்கொண்டிருந்தான், தலைவர்கள் வந்து எழுப்பினார்கள் என்று எழுதும் வரலாறுகள் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. அவன் விழித்துத்தான் இருந்தான். அவன் பேச்சைக் கேட்க ஆள் இல்லை.

சரி, ஆராய்ச்சியிலிருந்து அரசியலுக்கு எப்படிப் போனது?

நடுவில் ஒரு பத்திரிகை வந்தது. 1899-இல் அந்துன் 'டோம்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 'வீடு', 'இல்லம்' என்று பொருள். குரோஷியக் குடியானவர் பேசவும் கற்கவும் என்று அட்டையிலேயே போட்டிருந்தார். பெரும்பகுதியை அவரே எழுதினார். சட்டம், வரி, வரலாறு, உலகச் செய்தி எல்லாவற்றையும் ஒரு குடியானவரிடம் நேரில் உட்கார்ந்து பேசுவது போல எழுதினார். வாசகர்கள் கடிதம் போட்டார்கள், பதிலும் அச்சில் வந்தது.

எழுத்தறியாதவர்கள் நிறைந்த ஊரில் பத்திரிகையா என்று கேட்பார்கள். ஊரில் ஒருவருக்குப் படிக்கத் தெரிந்தால் போதும். குளிர்கால மாலையில் ஒரு வீட்டில் கூடுவார்கள், ஒருவர் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் கேட்டு விவாதிப்பார்கள். தனியாக மௌனமாகப் படிப்பதைவிட இந்த வாசிப்பு வலுவானது என்று நினைக்கிறேன். கூடிப் பேசும் பழக்கம் அங்கேயே வந்துவிடுகிறது. பின்னால் கட்சிக்கு அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது.

கட்சி எப்போது தொடங்கியது? உடனே வளர்ந்ததா?

1904 டிசம்பர் 22-இல் சகோதரர்கள் இருவரும் குரோஷிய மக்கள் உழவர் கட்சியைத் தொடங்கினார்கள். உடனே வளரவில்லை. காரணம் எளிது: குடியானவருக்கு ஓட்டு இல்லை. வரி அடிப்படையில் ஓட்டுரிமை கொடுத்திருந்ததால் குரோஷியா-ஸ்லவோனியாவில் சுமார் 2 சதவீதம் பேர்தான் வாக்காளர்கள். அவர்களில் அரசு ஊழியர்கள் கணிசம். 1910-இல் சட்டம் தளர்ந்து வாக்காளர் எண்ணிக்கை சுமார் 1,90,000 ஆனது. அந்த ஆண்டுத் தேர்தலில் கட்சிக்கு 9 இடங்கள் கிடைத்தன.

நகரத்துப் படித்தவர்கள் இந்தக் கட்சியை அவமதிப்பாகத்தான் பார்த்தார்கள். நாட்டை நடத்துவது படித்தவன் வேலை, குடியானவன் வேலை உழுவது என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. நாட்டுப்பற்றுள்ள கட்சிகளுக்கும் இதே எண்ணம்தான்.

முதல் உலகப் போர் என்ன மாற்றியது?

எல்லாவற்றையும் மாற்றியது. பேரரசின் படையில் சேர்க்கப்பட்ட பெரும்பாலானோர் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் தானியத்தையும் மாட்டையும் படைக்காகப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கோவில் மணிகளைக்கூட உருக்க எடுத்துக்கொண்டார்கள். ரஷ்யாவில் கைதிகளாக இருந்து திரும்பியவர்கள் அங்கே பண்ணை நிலங்களைக் குடியானவர்கள் பங்கு போட்டதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். 1918-இல் படையை விட்டு ஓடி வந்தவர்கள் காட்டில் கூட்டம் கூட்டமாகத் தங்கினார்கள். 'பச்சைப் படை' என்று அவர்களுக்குப் பெயர். பேரரசு சரிந்த வாரங்களில் பண்ணை மாளிகைகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. அதில் நியாயமான கோபமும் இருந்தது, சாதாரணக் கொள்ளையும் இருந்தது.

அந்த நேரத்தில் ஸாக்ரெபில் கூடிய தேசிய மன்றம் செர்பியாவோடு உடனே இணைய அவசரப்பட்டது. 1918 நவம்பர் 24 இரவு ஸ்டியெபான் எழுந்து, மூடுபனிக்குள் ஓடும் வாத்துக்கூட்டம் போல ஓடாதீர்கள் என்று எச்சரித்தார். ஒற்றுமையை அவர் எதிர்க்கவில்லை. மக்களைக் கேட்காமல், எந்த நிபந்தனையும் இல்லாமல் மன்னராட்சிக்குள் போவதைத்தான் எதிர்த்தார். யாரும் கேட்கவில்லை. டிசம்பர் 1-ஆம் தேதி செர்பியர், குரோஷியர், ஸ்லோவேனியர் முடியரசு பிறந்தது. பின்னாளில் யூகோஸ்லாவியா ஆனது அதுதான்.

அந்துன் 1919-இல் இறந்துபோனார். தான் விதைத்தது வளர்ந்ததை அவர் பார்க்கவில்லை.

குடியானவர்கள் ஏன் குடியரசு கேட்டார்கள்?

மன்னர் என்றால் அவர்களுக்குத் தெரிந்தது வரி வசூலும் படைக்கு ஆள் பிடிப்பதும்தான். குடியரசு என்றால் தன் ஊரைத் தானே நடத்திக்கொள்வது, போர் இல்லாமல் இருப்பது என்று புரிந்துகொண்டார்கள். 1919-இல் பாரிஸ் சமாதான மாநாட்டுக்கு அனுப்ப கட்சி ஒரு மனுவில் கையெழுத்து வாங்கியபோது ஒரு லட்சத்துக்கு மேல் சேர்ந்தன. ஸ்டியெபான் அந்த மார்ச்சில் கைதாகி ஏறக்குறைய ஓராண்டு சிறையில் இருந்தார்.

1920-இல் மாட்டுக்காக ஒரு கலகம் நடந்ததாமே?

ஆமாம். படைக்குத் தேவைப்படும் குதிரை, மாடுகளைக் கணக்கெடுத்துச் சூடு போட்டுக் குறி வைக்க அரசு உத்தரவு போட்டது. போர்க்காலத்தில் மாட்டைப் பறிகொடுத்தவர்களுக்குச் சூட்டுக்குறி என்றாலே மாடு போய்விட்டது என்றுதான் அர்த்தம். செப்டம்பரில் வடக்கு குரோஷியாவில் ஊர் ஊராக எழுந்தார்கள். வெலிகி கிர்ஜெவாட்ஸ் பக்கம் குடியரசு என்றே அறிவித்தார்கள். சில நாட்களில் படை வந்து அடக்கிவிட்டது, பலர் உயிரிழந்தார்கள். கட்சித் தலைமை இந்தக் கலகத்தைத் திட்டமிடவில்லை. ஸ்டியெபான் எப்போதும் ஆயுதத்தை எதிர்த்தவர், அடிப்பவனை அடிக்காமல் ஒத்துழைப்பை நிறுத்திக்கொள்வதை நம்பியவர்.

அந்த ஆண்டுத் தேர்தலை ஏன் திருப்புமுனை என்கிறார்கள்?

1920 நவம்பர் 28-இல் நடந்த அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் முதல் முறையாக வயது வந்த ஆண்கள் அனைவருக்கும் ஓட்டு கிடைத்தது. ஓட்டுப் போட்ட முறை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு பெட்டி. வாக்காளர் கையில் ஒரு சிறிய ரப்பர் பந்து. மூடிய கையை ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் விட்டு எடுக்க வேண்டும். எந்தப் பெட்டியில் பந்தை விட்டார் என்று யாருக்கும் தெரியாது. எழுத்தறியாதவரும் ரகசியமாக ஓட்டுப் போடலாம்.

20 ஆண்டுகள் மாலை நேரங்களில் பத்திரிகை கேட்டவர்களின் முடிவு அன்று பெட்டியில் விழுந்தது. கட்சிக்கு 2,30,000 ஓட்டுகளும் 50 இடங்களும் கிடைத்தன. டிசம்பர் 8-ஆம் தேதி ஸாக்ரெபின் பொரோங்காய் வெளியில் பெரும் கூட்டம் கூடியது. அங்கே கட்சி, குரோஷியக் குடியரசு உழவர் கட்சி என்று பெயர் மாற்றிக்கொண்டது. புதிய முடியரசின் தலைநகரான பெல்கிரேடில் கூடும் சபைக்குப் போவதில்லை என்றும் முடிவானது. 1921 ஜூன் 28-இல் அவர்கள் இல்லாமலேயே மையப்படுத்தப்பட்ட அரசியலமைப்பு நிறைவேறியது. 1923 தேர்தலில் கட்சி 70 இடங்களுக்கு உயர்ந்தது.

சபையைப் புறக்கணித்தது சரியா என்று இன்றும் வாதம் நடக்கிறது. அவர்கள் போயிருந்தால் அந்தச் சட்டம் அவ்வளவு சுலபமாக நிறைவேறியிருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஸ்டியெபான் மாஸ்கோ போனாரே, அவர் கம்யூனிஸ்டா?

இல்லை. 1924-இல் மாஸ்கோ போய்க் கட்சியை அங்கிருந்து இயங்கிய சர்வதேச அமைப்பான உழவர் அகிலத்தில் சேர்த்தது உண்மை. லண்டனிலும் வியன்னாவிலும் ஆதரவு தேடிப் பார்த்துவிட்டு அங்கே போனார். அவர் கொள்கையில் குடும்பத்தின் சொந்த நிலமும் கடவுள் நம்பிக்கையும் நடுவில் இருந்தன. மாஸ்கோவில் அவரை முழுக்க நம்பவும் இல்லை. ஆனால் அரசுக்கு இது நல்ல சாக்காகிவிட்டது. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான சட்டத்தைக் கட்சிமீது பாய்ச்சி, 1925 ஜனவரியில் அவரைக் கைது செய்தார்கள்.

சிறையிலிருந்தபடியே அவர் எடுத்த முடிவு பலரை அதிர வைத்தது. மார்ச்சில் அவருடைய அண்ணன் மகன் பாவ்லே ராடிச் சபையில் எழுந்து, முடியரசையும் அரசியலமைப்பையும் ஏற்பதாக அறிவித்தார். பெயரிலிருந்து 'குடியரசு' போனது. அதே ஆண்டு நவம்பரில் ஸ்டியெபான் கல்வி அமைச்சரானார், சில மாதங்களில் விலகினார். இதைத் துரோகம் என்று சொன்னவர்கள் உண்டு. தொண்டர்கள் சிறையில் வாடுவதைத் தவிர்க்க எடுத்த கசப்பான முடிவாகத்தான் நான் இதைப் பார்க்கிறேன்.

1928-இல் என்ன நடந்தது?

ஜூன் 20, பெல்கிரேடு நாடாளுமன்றம். ஆளும் தரப்பு உறுப்பினர் புனிஷா ராச்சிச் சபைக்குள்ளேயே துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். பாவ்லே ராடிச்சும் ஜூரோ பசாரிச்செக்கும் அங்கேயே இறந்தார்கள். இவான் பெர்னாரும் இவான் கிராஞ்ஜாவும் காயமடைந்தார்கள். வயிற்றில் குண்டடி பட்ட ஸ்டியெபான் ஆகஸ்ட் 8-இல் ஸாக்ரெபில் இறந்தார். 1929 ஜனவரி 6-இல் மன்னர் அலெக்சாண்டர் அரசியலமைப்பையே ரத்து செய்து சர்வாதிகாரத்தை அறிவித்தார். கட்சிகளும் தடைசெய்யப்பட்டன. கட்சித் தலைமை, வழக்கறிஞரான விளாட்கோ மாச்செக்கிடம் போனது.

'செல்யாச்கா ஸ்லோகா' என்பது கட்சியின் இன்னொரு பெயரா?

இல்லை, அது தனி அமைப்பு. 'உழவர் ஒற்றுமை' என்று சொல்லலாம். அந்துனின் கருத்துகளை நடைமுறையாக்க 1920-களில் உருவான பண்பாட்டுச் சங்கம். முன்னின்று நடத்தியவர் ருடால்ஃப் ஹெர்ட்செக். 1929-இல் தடை விழுந்தது, 1935-இல் மறுபடி எழுந்து, போருக்கு முந்தைய சில ஆண்டுகளில் கிராமம் கிராமமாகக் கிளை விட்டது.

ஒரு கிளையில் என்ன நடக்கும்? சிறு நூலகம் இருக்கும். நாடகம் போடுவார்கள், பாடுவார்கள். எழுத்தறிந்த குடியானவர் எழுத்தறியாத அயலாருக்குக் கற்றுக்கொடுப்பார். குளிர்காலத்தில் நடந்த இந்த எழுத்தறிவு வகுப்புகளுக்கு அரசின் உதவி கிடையாது. குடித்துக் காசை அழிப்பதற்கும் சண்டைக்கும் எதிராகப் பேசுவார்கள்.

இதில் வெளியே நன்றாகத் தெரிந்தது 'ஸ்மோத்ரா' என்ற விழா. 1926-இல் ஸாக்ரெபில் முதல் பெரிய பாடல் விழா நடந்தது. அப்போது பல கிராமக் குழுக்கள் நகரத்துப் பாடகர் குழுக்களைப் பார்த்துப் பாடின. அதன் பிறகுதான் தெளிவான விதி வந்தது: உங்கள் ஊர்ப் பாட்டை, உங்கள் ஊர் முறையில், உங்கள் ஊர் உடையில் பாடுங்கள். வின்கோ ஷ்கானெட்ஸ், மிலோவான் கவாட்ஸி போன்ற ஆய்வாளர்கள் ஆலோசனை சொன்னார்கள். 1935-க்குப் பிறகு மாவட்டம் மாவட்டமாக விழாக்கள் நடந்தன.

கையால் நெய்த வெள்ளை லினன் உடையில் நகரத்துக்குள் நுழைந்தால் ஏளனம் செய்யப்பட்ட பெண், அதே உடையில் ஸாக்ரெப் மேடையில் நின்று பாடினாள், கோட்டு போட்டவர்கள் கீழே உட்கார்ந்து கேட்டார்கள். கட்சிக்குத் தடை இருந்த காலத்தில் இதைவிடப் பெரிய அரசியல் செயல் என்ன இருக்க முடியும்? கொடி பிடிக்காமலேயே தாங்கள் யார் என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த விதிக்கு ஒரு குறையும் உண்டு. எது கலப்படமில்லாத ஊர்ப் பாட்டு என்று வல்லுநர்கள் முடிவு செய்ய ஆரம்பித்ததும், ஊரார் தாங்களாக விரும்பிப் பாடிய புதுப் பாட்டுகள் மேடைக்கு வெளியே நின்றன. அந்துன் இருந்திருந்தால் அதையும் எழுதி வைக்கச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

குடியானவர்களிலிருந்தே எழுத்தாளர்கள், கலைஞர்கள் வந்தார்களா?

வந்தார்கள். கோப்ரிவ்னிட்சாவுக்குப் பக்கத்தில் ஜெலெகோவெட்ஸ் என்ற ஒரே கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மிஹோவில் பாவ்லெக் மிஷ்கினா அந்த ஊர்க்காரர், உழவர், கதையெழுதியவர், கட்சிக்காரர். ஓவியர் மிர்கோ விரியுஸும் அதே ஊர். அதே வட்டாரத்துக் கிராமமான ஹ்லெபினேயில் கிர்ஸ்டோ ஹெகெடுஷிச் என்ற ஓவியர் 1930 வாக்கில் இளம் குடியானவர்களான இவான் கெனெராலிச்சுக்கும் பிரான்யோ மிராஸுக்கும் வழிகாட்டினார். 1931-இல் அவர்கள் படங்கள் ஸாக்ரெப் கண்காட்சியில் இடம்பெற்றன. ஜப்தி, சேறு, சவ ஊர்வலம் எல்லாம் அந்தப் படங்களில் இருந்தன. ஹெகெடுஷிச் இடதுசாரி வட்டத்தைச் சேர்ந்தவர், உழவர் கட்சியின் ஆள் இல்லை. ஒரே மண்ணில் இரண்டு ஓட்டங்களும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின.

மிஷ்கினா 1942-இல் யாசெனோவாட்ஸ் வதை முகாமில் கொல்லப்பட்டார். விரியுஸ் 1943-இல் செமுன் முகாமில் இறந்தார்.

பெண்களுக்கு இதில் இடம் இருந்ததா?

இருந்தது, ஆனால் போதாது. மாரா மாத்தோச்செட்ஸ் என்ற குடியானவப் பெண் கவிதையும் நாடகமும் எழுதினார், கட்சிக் கூட்டங்களில் பேசினார். விழா மேடைகளில் பாடியவர்களில் பெண்கள் ஏராளம். ஆனால் இரண்டு போர்களுக்கு நடுவே யூகோஸ்லாவியாவில் பெண்களுக்கு நாடாளுமன்ற ஓட்டே கிடையாது. கட்சித் தலைமையிலும் ஆண்கள்தான்.

பாட்டும் விழாவும் சரி, வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்தார்கள்?

1929-க்குப் பிறகு உலகப் பொருளாதார மந்தத்தில் தானியமும் கால்நடையும் அடிமாட்டு விலைக்குப் போயின. கடன் தலைக்கு மேல் ஏறியது. 1935-இல் ருடால்ஃப் பிச்சானிச் என்ற பொருளியலாளர் லிகா, டால்மேஷியாவின் உள்பகுதி போன்ற வறண்ட மலைப்பகுதிகளில் அலைந்து, மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எதற்குக் கடன் வாங்குகிறார்கள் என்று எழுதினார். உப்பும் தீக்குச்சியும் வாங்கக் காசில்லாத வீடுகள் அதில் வருகின்றன. அந்துனின் வினாத்தொகுப்பு மரபுதான் இங்கே பசியைப் பற்றிய ஆய்வாக மாறியது.

அதே ஆண்டு 'கோஸ்போடார்ஸ்கா ஸ்லோகா' என்ற பொருளாதார அமைப்பு தொடங்கியது. வியாபாரி சொல்லும் விலைக்குத் தனித்தனியாக விற்காமல் ஊர்கள் சேர்ந்து நின்று விலை பேச வேண்டும், விலை படியாவிட்டால் கால்நடையைச் சந்தைக்கே ஓட்டக் கூடாது என்றார்கள். கூலி உயர்வுக்கும் போராடினார்கள். சின்னத் தகராறுகளுக்கு நீதிமன்றம் போய்க் காசை இழக்காமல் ஊரிலேயே நேர்மையான ஆட்களை வைத்துத் தீர்த்துக்கொள்ளும் ஏற்பாடும் பரவியது.

இவர்கள் மதவாதிகளா?

'கடவுள் நம்பிக்கையும் உழவர் ஒற்றுமையும்' என்பதுதான் கட்சியின் முழக்கம். ஸ்டியெபான் பக்தியுள்ளவர். ஆனால் பாதிரியார்கள் அரசியலில் கட்டளையிடுவதைக் கடுமையாக எதிர்த்தார். திருச்சபைத் தலைமைக்கு அவரைப் பிடிக்கவில்லை. குடியானவர்களோ ஞாயிறு பூசைக்கும் போனார்கள், அவருக்கு ஓட்டும் போட்டார்கள்.

செர்பியர்களுக்கு எதிரான இயக்கம் என்று சொல்லலாமா?

அப்படிச் சுருக்குவது தவறு. எதிர்த்தது பெல்கிரேடின் மையப்படுத்திய ஆட்சியை. 1927-இல் ஸ்டியெபான் கூட்டணி வைத்ததே குரோஷியாவிலிருந்த செர்பியர்களின் தலைவர் ஸ்வெட்டோசார் பிரிபிச்செவிச்சுடன்தான். அதற்கு முன்பு இருவரும் கடும் எதிரிகள்.

ஆனால் குறைகளை மறைக்க முடியாது. குடியானவர் எல்லோரும் ஒன்று என்ற பேச்சில் நிலமில்லாத கூலிக்காரருக்கும் வசதியான விவசாயிக்கும் உள்ள வேறுபாடு மறைந்துபோனது. 1930-களின் முடிவில் தேசியப் பிரச்சினை மற்ற எல்லாவற்றையும் விழுங்கியது. கட்சியின் காவல் படையான 'உழவர் பாதுகாப்பு' அணியிலிருந்து சிலர் 1941-இல் உஸ்தாஷா என்ற குரோஷியப் பாசிச அமைப்பின் பக்கம் போனார்கள்.

கடைசியில் வென்றார்களா?

ஒரு கணம் வென்றார்கள். 1938 டிசம்பர் தேர்தலில் ஓட்டை அதிகாரிகள் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ரப்பர் பந்தின் காலம் போய்விட்டது. அப்படியிருந்தும் மாச்செக் தலைமையிலான எதிர்க்கட்சிப் பட்டியல் சுமார் 45 சதவீத ஓட்டு வாங்கியது. கிராமத்துப் போலீஸ்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அரசுக்கு எதிரான பெயரைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! 1939 ஆகஸ்டில் அரசு இறங்கிவந்தது, குரோஷியாவுக்குத் தன்னாட்சி கிடைத்தது.

20 மாதங்கள்கூட நிலைக்கவில்லை. 1941 ஏப்ரலில் ஹிட்லரின் படை நுழைந்தது. உஸ்தாஷா ஆட்சி உழவர் கட்சியைத் தடைசெய்தது, மாச்செக்கைச் சிறைப்படுத்தியது. கட்சிக்காரர்கள் சிதறினார்கள்: சிலர் கம்யூனிஸ்டுகள் தலைமையிலான எதிர்ப்புப் படையான பார்ட்டிசான்களோடு, சிலர் உஸ்தாஷாவோடு, பெரும்பாலோர் வீட்டோடு. 1945-க்குப் பிறகு வந்த கம்யூனிஸ்ட் ஆட்சியிலும் கட்சிக்கு இடமில்லை. மாச்செக் 1964-இல் வாஷிங்டனில் இறந்தார்.

இன்று என்ன மிச்சம் இருக்கிறது?

கட்சி 1989-இல் மறுபடி தொடங்கியது, ஆனால் பழைய பலம் வரவில்லை. கிராமங்களே காலியாகிவிட்டன. ஸ்டியெபான் ராடிச்சின் முகம் 200 குனா நோட்டில் இருந்தது. 2023-இல் யூரோ வந்ததும் அந்த நோட்டும் போனது.

பண்பாட்டுப் பக்கம் தழைத்தே இருக்கிறது. 1966 முதல் ஸாக்ரெபில் நடக்கும் சர்வதேச நாட்டுப்புற விழாவின் பெயரிலேயே 'ஸ்மோத்ரா' இருக்கிறது. ஹ்லெபினேயின் ஓவியங்கள் உலக அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன. அந்துனின் கேள்விகளுக்கு ஊர்க்காரர்கள் எழுதி அனுப்பிய பதில்கள் கழகத்தின் பழைய தொகுதிகளில் இருக்கின்றன. அச்சுக்கு வராதவை கையெழுத்துப் பிரதிகளாகவும் கிடக்கின்றன. குரோஷிய இனவரைவியல் படிக்கும் மாணவர்கள் இன்றும் அவற்றைப் புரட்டாமல் ஆய்வு எழுதுவதில்லை.